விட்டுடலாமே, சம்பந்தி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய் இல்லை. குதிரைகளோடும் கோ மன்சுவோடும் சேர்ந்தாற்போல் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும். குதிரைகளாவது சொன்னால் கேட்கும்.

கோ மன்சு என் வீட்டுக்காரர். ஜெஜு தீவின் கிழக்குக் கரையில், எரிமலைக் குழம்பு கடலுக்குள் இறங்கி உறைந்துபோன இடத்தில் எங்கள் லாயம். வெளியூர்க்காரர்களைக் குதிரையில் ஏற்றி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கறுப்பு மணலில் கோடிப் பாறை வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. அவர் முன்குதிரையைப் பிடிப்பார், நான் பின்குதிரையைப் பிடிப்பேன். அவர் பேசிக்கொண்டே வருவார், நான் கேட்காத மாதிரி வருவேன்.

எங்களுக்கு ஒரே பெண், நாரே. தேஜோன் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. முப்பத்து நாலு வயது வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிற பெண், ஒரு மாசிப் பனி சமயத்தில் தானாகவே போன் செய்தாள். "அம்மா, ஒருத்தரப் பிடிச்சிருக்கு. அவங்க அப்பா அம்மா உங்கள வந்து பாக்கணும்கறாங்க." நான் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பையன் பெயர் வூஜே, அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஏற்கெனவே ஒரு தடவை, கூட வேலை பார்க்கிறவன் என்று வந்து எங்கள் வீட்டில் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டுவிட்டுப் பாத்திரமும் கழுவி வைத்துவிட்டுப் போன பிள்ளை. அவனை விட்டால் எனக்கு வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு கஷ்டம். பையன் அப்பா பேச்சைத் தட்டாதவன். அப்பா பியோ, கண்ணாடிக் கடைக்காரர், அதிகம் பேசாதவர், மரியாதை விஷயத்தில் ரொம்பக் கறார். "அவருக்குப் பிடிச்சிடுச்சுன்னா எல்லாம் முடிஞ்ச மாதிரி. பிடிக்கலன்னா வூஜே காத்திருப்பான். எத்தன வருஷம்னாலும் காத்திருப்பான். நான்தான் கிழவியாயிடுவேன்" என்றாள் நாரே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குரல் சிரிக்கவில்லை.

ஆகவே இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திக்கிற அந்த நாளுக்காக நான் என் வீட்டுக்காரரை ஒரு வாரமாகத் தயார் செய்தேன்.

"கோட்டு சூட்டு போட்டுக்கணும். குதிரையப் பத்திப் பேசக் கூடாது. சாணி, லாடம், குட்டி போட்டது, எதுவும் வாயில வரக் கூடாது."

"அப்ப நான் என்னதாண்டி பேசறது?"

"பேசாம இருங்க. அதான் உங்களுக்கு நல்லா வரும்னு அவங்க நெனச்சுக்கட்டும்."

மதியம் ஓட்டலில் சாப்பாடு என்று ஏற்பாடு. ஆனால் பையன் வீட்டார் வந்த விமானம் முன்னதாகவே இறங்கிவிட்டது. ஓட்டல் திறக்க இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைகள் அவர்களை நேரே லாயத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பையனின் அம்மா காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகக் குதிரைகளைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஐயோ, என்ன அழகு! சம்பந்தியம்மா, நான் ஒரு தடவையாவது ஏறிடணும். சாகறதுக்குள்ள ஏறணும்னு எழுதி வச்சிருக்கேன்."

"சாகறதப் பத்தி இப்ப என்ன பேச்சு, ஏறுங்க!" என்றேன் நான். குதிரையைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் போட்ட சட்டம் அங்கேயே செத்தது.

பியோ ஐயா முதலில் வேண்டாம் என்றார். கறுப்புக் கோட்டு, இஸ்திரி போட்ட கால்சட்டை, கண்ணாடிக்குப் பின்னால் எதையும் ஒப்புக்கொள்ளாத கண்கள். மனைவி ஏறி உட்கார்ந்து ராணி மாதிரி கையசைத்ததும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அவருக்குக் கம்ஜாவைக் கொடுத்தோம். கம்ஜா என்றால் உருளைக்கிழங்கு. உருவமும் அப்படி, புத்தியும் அப்படி. எங்களிடம் இருப்பதிலேயே சாது, தின்பதைத் தவிர வேறு கவலையே இல்லாதது. பிள்ளைகளை ஓட்டலுக்கு முன்னால் அனுப்பி மேஜையைப் பார்க்கச் சொல்லிவிட்டு நாங்கள் நாலு பேரும் கரையில் இறங்கினோம்.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். பாறைகள் முழுக்கப் பச்சைப் பாசி. நல்ல வெயில், காற்று மட்டும் வழக்கம்போல யாரையும் சும்மா விடவில்லை. முன்னால் என் வீட்டுக்காரர் கோட்டு சூட்டோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார், மேலே சம்பந்தி. பின்னால் நான், என் குதிரையின் மேல் சம்பந்தியம்மா. கொஞ்ச தூரம் வரைக்கும் ஆண்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு சம்பந்தியே தொடங்கினார். "சம்பந்தி அவர்கள் எந்த வருஷம் பிறந்தீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நானா? குதிரை வருஷங்க. அதான் இதுங்களோடயே காலம் தள்றேன்."

"அட! நானும் குதிரை வருஷம்தான்!"

எங்கள் கணக்கில் பன்னிரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு மிருகம், அதில் ஒன்று குதிரை. அந்த மனிதர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். முகமே மாறிவிட்டது. சம்பந்தியம்மா குனிந்து என் காதில், "பாருங்க, இவர் சிரிச்சிட்டார். எங்க வீட்டுல இது பண்டிகைக்குத்தான் நடக்கும்" என்றாள். நான் மனசுக்குள் கல்யாண மண்டபத்துக்கு முன்பணமே கட்டிவிட்டேன்.

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "ஒரே வயசு. ஒரே குடும்பமாவும் ஆகப்போறோம். அப்புறம் என்ன? குதிரைய விட்டுடலாமே, சம்பந்தி."

என் காதில் அப்படித்தான் விழுந்தது. என் வீட்டுக்காரர் காதிலும் அப்படித்தான் விழுந்தது. ஏறி உட்கார்ந்த வெளியூர்க்காரர் பத்துப் பேரில் ஆறு பேர் இதைக் கேட்பார்கள். கயிற்றை விடுங்க, நானே ஓட்டறேன். விட்டால் போச்சு.

"அது மட்டும் ஆகாதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

சம்பந்தி கொஞ்சம் திகைத்தார். "ஏன்? நாமதான் ஒரே வயசாச்சே?"

"வயசுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? பாத்த முதல் நாளே நான் யாருக்கும் விடறதில்ல. முப்பது வருஷமா இதான் என் கொள்கை. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கேட்டிருக்காங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவேன்."

"சொந்தக்காரங்களுக்குமா?"

"சொந்தம்னா கிட்டயே வரக் கூடாதுங்க! அவங்களுக்கு விட்டுத்தான் எல்லா வம்பும் வந்திருக்கு. போன வருஷம் மச்சான் கேட்டான்னு, சரி போ, நம்ம ஆளாச்சேன்னு விட்டேன். சாயங்காலத்துக்குள்ள முன்பல்லு ரெண்டு போச்சு. ஆஸ்பத்திரி, தையல், அழுகை. அன்னைலேருந்து காதப் பொத்திக்கிட்டேன்."

"ஓ" என்றார் சம்பந்தி.

"கோவிச்சுக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சம்பந்தி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோடிப் பாறை போய்த் திரும்பி லாயம் வந்து சேர்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது என் வீட்டுக்காரர் நீட்டிய கையையும் பிடிக்காமல் தானே சறுக்கி இறங்கினார். கோட்டைத் தட்டிக்கொண்டார். "நன்றி, ஐயா" என்றார். சம்பந்தி என்ற சொல் போய்விட்டது.

ஓட்டலில் முழு மீனாகச் சுட்டு வைத்திருந்தார்கள், சிவப்புத் தோலோடு, எங்கள் தீவில் மட்டும் அந்த ருசியில் கிடைக்கிற மீன். யார் தின்றார்கள்? என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையாலும் அரிசிக் கள்ளை ஊற்றப் போனார். சம்பந்தி கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"வேண்டாம். நான் குடிக்கறதில்ல."

வூஜே அப்பாவைப் பார்த்தான். நாரே வூஜேயைப் பார்த்தாள். அப்பாவுக்கு அரிசிக் கள் என்றால் உயிர் என்று அந்தப் பிள்ளைதான் எங்களிடம் சொல்லி, மூன்று புட்டி வாங்கி வைக்கச் சொல்லியிருந்தான்.

கல்யாணத் தேதி என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அவசரம் என்ன? ஊருக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்" என்றார் சம்பந்தி. அப்புறம் போனை எடுத்துச் சாயங்கால விமானத்துக்கு முன்னால் வேறு விமானம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். நாரே கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என் பெண் அழமாட்டாள். அழுவதற்குப் பதிலாகத் தட்டுகளை நேராக அடுக்குவாள். எல்லாத் தட்டையும் நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்னய்யா பண்ணின அவர?"

"நான் என்ன பண்ணினேன்? குதிரைய விடச் சொன்னார், மாட்டேன்னேன். நீயும்தான் கேட்டுட்டிருந்த."

"அதுக்கா ஒருத்தர் இவ்வளவு கோபப்படுவார்?"

"படறாரே! குழந்தை மாதிரி. பொண்ண இந்த வீட்டுக்குக் குடுக்கணுமான்னு நான்தான் யோசிக்கணும்."

"யோசிப்ப, யோசிப்ப! நாலு குதிரைக்குப் போடற புல்ல நீ தின்னிருந்தா கொஞ்சம் புத்தி வந்திருக்கும்" என்று கத்திவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனேன். முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அங்கே கைகழுவுகிற தொட்டியின் முன்னால் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் முகம் வாடியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். தணிந்த குரலில் கேட்டாள்:

"உங்க தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு? பல்லு கட்டியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. பழைய பல்ல விட நல்லாவே இருக்கு."

"பாவம். நீங்க எப்படித்தான் தாங்கினீங்களோ. சொந்தத் தம்பிய, உங்க கண்ணு முன்னாடியே."

"நான் அன்னைக்கு அங்க இல்ல. இருந்திருந்தா விடவே விட்டிருக்க மாட்டேன்."

"உங்க வீட்டுக்காரரப் பாத்தா அப்படித் தெரியல. குடிச்சாத்தான் அடிப்பாரா, இல்ல சாதாரணமாவேவா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடினேன்.

"யாரு அடிச்சா?"

"அவர்தானே சொன்னார். மச்சான் நெருங்கிப் பேசினான், சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பல்லு போச்சுன்னு."

"ஐயோ! அவர் எங்க அடிச்சார்? குதிரை தள்ளிச்சு!"

"குதிரை எங்கேருந்து வந்துச்சு?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் மொழியில் குதிரைக்கு 'மல்' என்று பெயர். பேச்சுக்கும் 'மல்'தான். ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர் மனசு ஒட்டிப் பழகும்போது, வாங்க போங்க என்கிற மரியாதையை இறக்கி வைத்துவிட்டு வா, போ என்று பேசிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்பார். அதற்குப் பெயர் 'மல்லை விடுவது'. எங்கள் ஆண்பிள்ளைகள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய அன்பு வெளியே வராது. தீவுக்காரர்களான நாங்கள் எங்களுக்குள் குதிரையை 'மொல்' என்றுதான் சொல்வோம். 'மல்' என்று சொல்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். மல் கடிக்குமா, மல் உதைக்குமா, மல்லோடு ஒரு போட்டோ. முப்பது வருஷமாக நாள் முழுக்க இதே. ஆகவே வெளியூர் வாயில் 'மல்' என்று வந்தால் எங்கள் இரண்டு பேர் காதிலும் அது நாலு காலோடுதான் வந்து நிற்கும்.

அந்த மனிதர் குதிரையைக் கேட்கவே இல்லை. வா போ என்று பழகலாமே என்று கேட்டிருக்கிறார். ஜென்மத்தில் யாரிடமும் கேட்காதவர், தானாக, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டிருக்கிறார். அதற்கு என் வீட்டுக்காரர் சொன்ன பதிலை இப்போது திரும்ப ஓட்டிப் பாருங்கள். பார்த்த முதல் நாளே யாருக்கும் விடமாட்டேன். சொந்தம் என்றால் கிட்டவே வரக் கூடாது. மச்சானுக்கு விட்டேன், பல் போயிற்று. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்!

சம்பந்தியம்மாவுக்குப் புரிந்த அதே நொடியில் எனக்கும் புரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் வெடித்தாள். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டியது, அவளுக்குக் கண்மை கன்னம் வரைக்கும் வழிந்தது. உள்ளே வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

நாங்கள் வெளியே ஓடி வந்தபோது சம்பந்தி கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டல் வாசலில், எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய மதிலோரம், டாக்சிக்காக நின்றுகொண்டிருந்தார். வூஜே பக்கத்தில் தலை குனிந்து நின்றான். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, மதிலில் முளைத்திருந்த புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நாரே வாசற்படியில் இருந்தாள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்களும் நின்றுவிட்டார்கள். நான் பாதி, சம்பந்தியம்மா பாதி என்று சொல்லி முடித்தோம். வூஜே மதிலில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நாரே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தி காது வரைக்கும் சிவந்துபோனார்.

"அப்ப நீங்க குதிரையத்தான் சொன்னீங்களா?" என்றார்.

"நீங்க குதிரையச் சொல்லலியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன். சம்பந்தி சிரித்தபடி முன்னால் வந்து மறுபடி கேட்டார். "சரி, இப்பத் தெரிஞ்சுபோச்சு இல்ல? பேச்சத்தான் கேட்டேன். விட்டுடலாமா?"

என் வீட்டுக்காரர் கிள்ளிய புல்லைக் கீழே போட்டார்.

"இல்லீங்க. அதுவும் வேண்டாம்."

அந்த நிமிஷம் கையில் ஏதாவது கிடைத்திருந்தால் கோ மன்சு அங்கேயே காலி. "அப்பா!" என்று நாரே அலறினாள். டாக்சி வேறு வந்து நின்றுவிட்டது.

"இருங்க, நான் சொல்லிடறேன்" என்றார் அவர். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, சம்பந்தியை மட்டும் பார்த்தார். "நீங்க கேட்டது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். இந்த வயசுல யாரு வந்து கேக்கறாங்க? ஆனா என் வாய் நல்ல வாய் இல்லீங்க. இவளக் கேளுங்க. வா போன்னு ஆரம்பிச்சேன்னா, ஒருநாள் குடிச்சிட்டு உங்களப் போன்ல கூப்பிட்டு நாலு வார்த்தை விட்டுருவேன். நீங்களும் சும்மா இருக்க மாட்டீங்க, நாலு விடுவீங்க. நமக்கு மறுநாள் மறந்துபோயிரும். ஆனா என் பொண்ணு உங்க வீட்டுல சாப்பாட்டு மேஜையில உக்காந்திருப்பா. அந்த எட்டு வார்த்தையும் அவ தலையிலதான் விடியும். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அதனால சாகறவரைக்கும் நான் உங்களச் சம்பந்தி அவர்களேன்னுதான் கூப்பிடுவேன். மரியாதை கொறஞ்சதுன்னு நெனைக்காதீங்க. பயம்தான்."

இந்த மனிதரோடுதான் நான் நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேனா என்று இருந்தது எனக்கு.

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார், வயதில் மூத்தவருக்குக் குனிகிற மாதிரி. என் வீட்டுக்காரரும் பதறிப்போய்க் குனிந்தார். இரண்டு பேரும் யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் குனிந்தபடியே நின்றார்கள். டாக்சிக்காரர், "யாராவது ஏறுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தார்கள்.

"நீங்க சொன்னது சரி" என்றார் சம்பந்தி. "பேச்ச விட வேண்டாம்." அப்புறம், பையனைப் பெற்ற அப்பா மாதிரியே இல்லாமல், திருட்டுத்தனமாகச் சிரித்தார். "குதிரையையாவது விடுவீங்களா?"

டாக்சி காலியாகத் திரும்பிப் போயிற்று. உள்ளே வந்து முதலில் மூன்று புட்டியையும் காலி செய்தார்கள். குடிக்காதவர் இரண்டு, என் வீட்டுக்காரர் ஒன்று. அதன் பிறகு ஆறு பேரும் கரைக்குப் போனோம். கடல் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் சம்பந்தியைக் கம்ஜாவின் மேல் உட்காரவைத்து, கடிவாளத்தைக் கையில் கொடுத்து, முதுகை நிமிர்த்தச் சொல்லி, முழங்காலை ஒட்டச் சொல்லி, எல்லாம் "அவர்களே, அவர்களே" என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு முப்பது வருஷக் கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கயிற்றைக் கழற்றினார்.

கம்ஜா இருபதடி அழகாக நடந்தது. சம்பந்தி எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். அப்போது அலை ஒரு பெரிய கடற்பாசிக் கொத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டு போயிற்று. சாப்பாட்டைக் கடல் தூக்கிக்கொண்டு போவதைக் கம்ஜாவால் பொறுக்க முடியுமா? நேரே தண்ணீருக்குள் இறங்கியது. முழங்கால், வயிறு, சேணம்.

"சம்பந்தி அவர்களே!" என்று ஒரு குரல் வந்தது. அடுத்த அலை மேலே அடித்தது. கண்ணாடி போயிற்று. பிறகு அந்தக் கறார் மனிதர் தீவுக்கே கேட்கிறாற்போல் கத்தினார்: "டேய் மன்சு! எங்கடா போன? வந்து பிடிடா இந்த எழவ!"

என் வீட்டுக்காரர் கோட்டு சூட்டோடு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தார். "வாரப் பிடிச்சு இழுடா! முடியப் பிடிக்காதடா, மடையா! வார, வார! கையில கண்ணாடியத்தான் துடைச்சியா இவ்வளவு நாளா?"

"வாயாடா அது? வந்து பிடிச்சுட்டுப் பேசுடா!"

"குதிர வருஷத்துல பிறந்தானாம், குதிர வருஷம்!"

மூழ்கிச் சிப்பி எடுத்துவிட்டுப் பாறைமேல் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டு விசிலடித்தார்கள். என் வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் கம்ஜாவின் வாரை எட்டிப் பிடித்தார். கம்ஜா வாய் நிறையப் பாசியோடு நின்றது. மேலே ஒருவர் சொட்டச் சொட்ட, கீழே ஒருவர் சொட்டச் சொட்ட, இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். தாங்கள் என்ன பேசினோம் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

சம்பந்தி முதலில் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி அவர்கள் மன்னிக்கணும்."

"சம்பந்தி அவர்கள்தான் மன்னிக்கணும்."

"உங்களுக்குக் குளிருமே."

"உங்களுக்குத்தான் குளிரும். மெதுவா வாங்க."

கரையேறும்போதே சம்பந்தி கண்ணாடியில்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாரேயைத் தேடினார். நாரே நின்ற பக்கம் இல்லாமல் என்னைப் பார்த்து, "மருமகளே, கல்யாணத்துக்கு இலையுதிர்காலம் சரியா இருக்குமா?" என்றார். சரியாக இருக்கும் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சம்பந்தி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்துவிடுகிறார். வந்ததும் இரண்டு பேரும் குனிந்து வணங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டில் ஒருவருக்கொருவர் இரண்டு கையால் ஊற்றிக்கொள்வார்கள். 'அவர்களே' சேர்க்காமல் ஒரு வார்த்தை வராது. சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தி தொண்டையைச் செருமி, "கொஞ்சம் விட்டுட்டு வரலாமா?" என்பார். இரண்டு பேரும் கம்ஜாவைப் பிடித்துக்கொண்டு கோடிப் பாறைப் பக்கம் போவார்கள். எதை விடப் போகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

நான் லாயத்தில் வைக்கோல் போட்டுக்கொண்டிருக்கும்போது காற்றில் எல்லாம் காதில் விழும். டேய், உன் பையன் என் பொண்ணுக்கு ஒருநாளாவது சமைச்சுப் போட்டானாடா என்று ஒன்று. உன் பொண்ணு பண்டிகைக்கு எங்க வீட்டுக்கு வராம உன் வீட்டுக்கு ஓடி வந்தாளே, யாருடா கத்துக்குடுத்தது என்று இன்னொன்று. அப்புறம் கெட்ட வார்த்தை, அப்புறம் சிரிப்பு. இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்து, "சம்பந்தி அவர்கள் முதலில் உள்ளே போங்க" என்று வாசலில் நின்று மல்லுக்கட்டுவார்கள்.

போன மாதம் நாரேவிடம் போனில் கேட்டேன். மாமனார் உன்னை எப்போதாவது ஏதாவது சொல்கிறாரா, மறைக்காமல் சொல் என்று.

"ஒரு வார்த்த கூடச் சொன்னதில்லம்மா" என்றாள். "அவ்வளவு நல்ல மனுஷன். அவருக்குத் திட்டவே தெரியாது."

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.